நாலாவது வால்வு

கேரளம் என்றால் பச்சை என்பவர்கள்
எருத்தேம்பதிக்கு வந்ததில்லை.
மேற்கே பெய்து தீர்ந்த மழை
எங்கள் பக்கம் வரும்போது வெறும் காற்று.
போர் எழுநூற்று இருபது அடி.
கடைசி இருபது அடி
என் கைவளை.

தக்காளிப் பாத்தியில்
பிஜு ஒரு வெள்ளைக் குச்சியை நட்டான்.
மண்ணுக்குக் காய்ச்சல் பார்க்கவா என்றேன்.
தாகம் பார்க்க, சேச்சி.

அன்றிலிருந்து போன் பேசுகிறது, மலையாளத்தில்.
ஈர்ப்பம் முப்பத்தெட்டு என்றது.
யாருக்கு யார் மேல் என்று சிரித்தேன்.
ஈரத்தைத்தான் அப்படிச் சொல்கிறது.

முதல் வாரம் நம்பவில்லை.
விரலை இரண்டாம் கணு வரை விட்டேன்.
புழுதி.
போனோ, இன்று தண்ணீர் வேண்டாம் என்றது.
கோபத்தில் களைக்கொத்தை எடுத்துத் தோண்டினேன்.
ஒரு சாண் கீழே
மண் உருண்டையாய்க் கையில் ஒட்டியது.

இருபது வருஷம்
மேல்தோலைப் பார்த்தே ஊற்றியிருக்கிறேன்.
பக்கத்துத் தோட்டத்துக் கண்டமுத்தனுக்கு
இன்னமும் தண்ணீர் ரோட்டுக்கு வந்தால்தான் திருப்தி.
அவனிடம் இதைச் சொல்லவில்லை.
சொன்னால் வளையைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

மோட்டார் இப்போது ஐம்பது நிமிஷம்தான் ஓடுகிறது.
மீதி நேரம்
கிணற்றடியில் அந்தச் சத்தம் இல்லாததுதான்
பெரிய சத்தம்.

மாசி கடைசியில் ஒரு மத்தியானம்:
நாலாவது வால்வு, அழுத்தம் குறைவு.
ஓடினேன்.
ஐந்து மயில்.
கறுப்புக் குழாயைக் கொத்திப் பிளந்து
ஆளுக்கொரு வாய்.
நீலக் கழுத்து மேலே போகும், கீழே வரும்.
விரட்டினேன். ஜாயின்ட் போட்டேன்.
மறுநாளும் அதே நேரம், அதே செய்தி.

அலாரத்தை நிறுத்திவிடலாம் என்றான் பிஜு.
அலாரம் நின்றால் தாகம் நிற்குமா?

பயிர் விவரம் கேட்கிற பக்கத்தைத் திறந்தேன்.
தக்காளி உண்டு, கத்திரி உண்டு, பாகல் உண்டு.
மயில் இல்லை.
யோசித்து,
நாலாவது வால்வில்
தென்னை, ஒன்று, என்று சேர்த்தேன்.
வயது கேட்டது. ஏழு என்றேன்.

வரப்போரம் பழைய சிமெண்டுத் தொட்டி.
அதில் நாற்பது லிட்டர் தினமும்
சொட்டுச் சொட்டாய் விழுகிறது.
குழாயைக் கொத்துவது நின்றது.
தக்காளியைக் கொத்துவது நிற்கவில்லை.

போன வாரம் செய்தி வந்தது:
உங்கள் தென்னை நலம்,
அடுத்த மாதம் உரம் இடுங்கள்.

வரப்பில் உட்கார்ந்து
இல்லாத மரத்தை அண்ணாந்து பார்த்தேன்.
காற்று அடித்தது.
ஒரு தோகை மட்டும் அசைந்தது.