கையிருப்பில் ஒரு பதக்கம்

பதக்கம் நான்கு வாங்கினோம்.
மூன்று கொடுத்தாயிற்று.
கணக்காய்வாளர் பென்சிலால் வட்டம் போட்டு
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வைத்திருக்கிறார்.
தேசிய கணிதர் சங்கத்தின் பொருளாளருக்குக்
கழித்தல் தெரியாதா என்று
அவர் கேட்கவில்லை. அது அவருடைய நாகரிகம்.

ஐயா, விளக்கம் இது.

ஆண்டுக்கூட்டத்தை இம்முறை
திருகோணமலையில் வைத்தோம்.
இரவு ரயிலில் பேராசிரியர்கள்
முதுகைப் பிடித்தபடி வந்து இறங்கினார்கள்.
உவர்மலை மண்டபத்தில் மின்விசிறி ஆறு,
சுற்றியது நாலு.
வாசலில் கட்டிய தோரணத்தை
விடியுமுன் மான்கள் தின்றுவிட்டன.
இந்த ஊர் மான்களுக்கு
அழைப்பிதழ் தேவையில்லை.

இளம் ஆய்வாளர் விருது
கிண்ணியா ஜெஸீமா முகைதீனுக்கு.
வரைபுகளில் பாதைகளை எண்ணுகிறவர்.
ஓர் உச்சியிலிருந்து இன்னோர் உச்சிக்கு,
மிதித்த இடத்தை மறுபடி மிதிக்காமல்
எத்தனை வழி என்று
போகாமலே சொல்வது.

கிண்ணியாவில் பாதை என்றால் வேறு.
இரும்புத் தட்டு, இஞ்சின் புகை,
ஆடும் சைக்கிளும் ஆட்களும் நின்றபடி
தண்ணீரைக் கடக்கிற சாமான்.
பாலம் வந்தது, பாதை போனது.
கட்டுரையின் முதல் அடிக்குறிப்பில்
இதை எழுதியிருந்தார்.
மதிப்பீட்டாளர் வெட்டச் சொன்னார்.
அவர் வெட்டவில்லை.

காலை ஒன்பது பத்துக்குப்
பெயர் கூப்பிட்டோம்.
மேடைக்கு வந்தார். பதக்கத்தைத் தொடவில்லை.
வெண்கட்டி இருக்கா என்று கேட்டார்.

நூற்றிருபது கணிதர் கூடிய இடத்தில்
வெண்கட்டி இல்லை.
பக்கத்துப் பாடசாலைக்கு ஆள் ஓடி
ஒரு துண்டு கொண்டுவந்தார்.
(செலவு: பூச்சியம்.)
பலகையும் இல்லை.
மேடையின் சிவப்புச் சீமெந்துத் தரையில்
குந்தியிருந்து கீறினார்.
பின்வரிசை கதிரைகளில் ஏறி நின்றது.

ஏழு புள்ளி. எட்டுக் கோடு.
ஒரு முக்கோணம், ஒரு சதுரம்,
இரண்டையும் தொடுக்கிற ஒற்றைக் கோடு.

"இதுதான் பாலம். எடுத்தா வரைபு ரெண்டாப் போகும்.
என்ட மூண்டாம் துணைத்தேற்றம்
இப்பிடி ஒண்டு இருக்காதெண்டு நினைச்சிட்டு.
ராத்திரி ஊருக்குப் போகக்குள்ள
பஸ் பாலத்தில நிண்டு போச்சு.
அப்பதான் பட்டுது."

நடுவர் குழு தேநீர் அறைக்குள் போனது.
விதி பதினொன்று: விருது தேற்றத்துக்கு.
தேற்றம் இல்லை.
விதி பன்னிரண்டு: அறிவித்த விருதை மீளப்பெற இயலாது.
ஒருவர் சொன்னார்,
தன் பிழையைத் தானே கண்டதற்கு
ஒரு விருது ஏற்படுத்தலாம்.
இன்னொருவர் கேட்டார்,
நம்மில் எத்தனை பேர் விண்ணப்பிப்போம்?
உளுந்துவடை ஆறிக்கொண்டிருந்தது.

வெளியே வந்தால்
அவர் நாலு மாணவிகளோடு இன்னும் தரையில்.
துணைத்தலைவரின் சப்பாத்து
சதுரத்தின் ஒரு பக்கத்தை அழித்துவிட்டது.
அவர் பதறிக் காலைத் தூக்கினார்.
"பரவாயில்ல சேர்," என்றார் ஜெஸீமா,
"இப்ப நாலு பாலம்."

பதக்கத்தில் பெயர் வெட்டியாகிவிட்டது;
இன்னொருவருக்குக் கொடுக்க வழியில்லை.
உருக்கினால் பித்தளைக்கு எழுநூறும் தேறாது.
என் மேசை இழுப்பறையில், நகவெட்டியோடு கிடக்கிறது.
"இழப்பு" என்று எழுத வேண்டாம், ஐயா.
கையிருப்பு: ஒன்று.

போன மாதம் ஒரு கடிதஉறை வந்தது.
இருபத்தொரு பக்கம், கையெழுத்தில்.
பாலமுள்ள வரைபுகளுக்கும் சரிவருமாம்.
பார்த்துச் சொல்லுங்கள், அவசரமில்லை என்றிருந்தது.
பதினாலாம் பக்கத்தில் நிற்கிறேன்.
அங்கே "எளிதில் காணலாம்" என்று ஒரு வரி.
எனக்கு
இன்னும் காணவில்லை.