அடிக்கணக்கு

சேத்துமடையில் ஒரு குறுக்குக் கம்பு.
ஆனைப்பாடியில் இன்னொன்று.
அதற்குள் தமிழ்நாடு முடிந்திருந்தது.
பாட்டில்களை எண்ணி எழுதிய காவலர் கேட்டார்:
"புலி பார்க்கவா?"
"இல்லீங்க, தண்ணி பார்க்க."
சிரித்துவிட்டுக் கம்பைத் தூக்கினார்.

இருபத்தாறு வருடமாகப்
பேப்பர் ஏழாம் பக்கத்தின் மூலையில்
பரம்பிக்குளத்தை எனக்குத் தெரியும்.
எழுபத்திரண்டுக்கு ஐம்பத்தொன்று.
எழுபத்திரண்டுக்குப் பன்னிரண்டே முக்கால்.
பெண் பார்க்கக் கிளம்பிய காலையிலும்
அதைப் பார்த்துவிட்டுத்தான் சட்டை மாட்டினேன்.
நாலாம் மண்டலம், கடைமடை, நாற்பது தென்னை.
எனக்கு அது எண்.
எண்ணுக்கு இவ்வளவு பச்சை இருக்கும் என்று
எந்த இன்ஜினியரும் சொன்னதில்லை.

மூங்கில் தெப்பம். துடுப்பு மாசாணியிடம்.
காட்டுக்குள் நீர் விரல் விட்டதுபோல்
வளைந்து உள்ளே போகிறது குடா.
செத்த மரங்கள் இடுப்பளவு நீரில்
இன்னும் உட்காராமல் நிற்கின்றன.
உச்சிக்கு ஒரு நீர்க்காகம்,
சிறகைக் காயப்போட்டுக்கொண்டு.
துளசிமணி புதுச் செருப்பைக் கழற்றி
மடியில் வைத்துக்கொண்டாள்.

"அதா, தண்டவாளம்."
கரைச் சேற்றிலிருந்து இரண்டு துருக்கோடுகள்
வெளியே வந்து
மறுபடி நீருக்குள் இறங்கின.
கொச்சி ராஜா காலத்து டிராம்.
இந்த மலைத் தேக்கையெல்லாம்
சாலக்குடிக்கு இறக்கிப்போனதாம்.
டிராம் நின்றது, அணை எழுந்தது,
மலையைக் குடைந்து எங்கள் பக்கம்
வாய் திறந்தார்கள்.
"மேக்கே மரம் போச்சு, கெழக்கே தண்ணி போகுது,"
மாசாணி துடுப்பைக் கை மாற்றினாள்.
"எங்களுக்கு டிக்கெட் காசு."

குடாவின் நடுவில் தெப்பத்தை நிறுத்தினாள்.
"இதுக்கு அடியிலதான் எங்க பழைய குடி.
வத்தினா அடுப்புக்கல்லு மூணும் தெரியும்."

"எத்தனை அடியில்?"
வேறென்ன கேட்பேன் நான்.

"நாப்பத்தொண்ணு."

நாற்பத்தொன்றுக்குக் கீழே போன வருடங்கள்
எனக்கு மனப்பாடம்.
பக்கத்துத் தோட்டக்காரன் போர் போட்ட வருடம்.
பதினோரு தென்னை மொட்டையான வருடம்.
பிறகு ஒரு ஆடியில் ஒரே வாரத்தில்
அறுபதைத் தாண்டியபோது
பேப்பரோடு சமையலறைக்கு ஓடினேன்.
துளசிமணி சர்க்கரை டப்பாவைத் திறந்தாள்.

இப்போது அவள்
குனிந்து ஒரு கை அள்ளினாள்.
"முறை வர்றதுக்கு முன்னாடி எடுத்தா
திருட்டுத்தானே?" என்று
என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்து,
மாசாணியைப் பார்த்து,
விரல்களைப் பிரித்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் துடுப்பின் சத்தம் மட்டும்.

ஆனைப்பாடியில் அதே காவலர்.
போகும்போது மூன்று பாட்டில்,
வரும்போது மூன்று.
சரியாக இருக்கிறது என்று
எழுதிக்கொண்டார்.