சோப்பு வரிசை

எண்பது மீட்டர் ஏணி ஏறுகிறவன் நான்.
கேத்தனூர்க் காட்டில் ஆடிக்காத்து
உச்சிக் கூண்டைத் தொட்டிலாய் ஆட்டும்போதும்
ஒரு கையில் ஸ்பேனர்
ஒரு கையில் தேங்காய் பன்.

சளிக்காய்ச்சல் வந்துபோன மூணாம் நாள்
கட்டிலில் புரண்டு படுத்தேன்.
நான் நின்ற பிறகும் வீடு நிற்கவில்லை.
கக்கூசுக்குப் பதினோரு தப்படி
சுவரோடு சுவராய் அரைமணி நேரம்.
கெரகம் சரியில்லீங்க என்றாள் சுகந்தி.
இடது காதுக்குள் ஒரு நரம்பு
சேதி சொல்வதை நிறுத்திவிட்டதாம்.
டாக்டர் சொன்னார்.

கோயமுத்தூரில் அந்தப் பயிற்சி நிலையம்
லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடியில்.
தலைசுற்றுக்காரர்களுக்கென்றே
யாரோ யோசித்துப் பிடித்த இடம்.

பெனசீர் மேடம் என்னை
மெத்தென்ற ஸ்பாஞ்சில் நிற்கவைத்து
இடுப்பில் பெல்ட் மாட்டி
முகத்தில் கண்ணாடிப் பெட்டியைக் கட்டினார்.
நாற்பது மாடிக் கட்டடம்
உச்சியில் ஒற்றைப் பலகை
அதில் நான்.
பயமா இருக்குங்களா?
இதென்னங்க, நாங்க டிபன் சாப்பிடற உயரம்.

சிரித்துக்கொண்டே படத்தை மாற்றினார்.

பெரிய கடை. இரண்டு பக்கமும் தட்டுகள்.
சோப்பு சோப்பு சோப்பு
பச்சை மஞ்சள் ரோஸ்
மூணாவது தட்டைப் பாருங்க
தலையை மெதுவா இடப்பக்கம்
தட்டுகள் வாய்க்காலாய் ஓடின
ஸ்பாஞ்ச் காலை விழுங்கியது
பெல்ட்டில் தொங்கினேன்.
காத்துக்கு விழாதவன்
வாசமே இல்லாத சோப்புக்கு விழுந்தேன்.
நீல வாளியை முன்பே
எடுத்து வைத்திருந்தார்.

பொய்யைத் தினமும் கொஞ்சம் குடுத்தா
மூளை கணக்கைத் திருத்திக்குமுங்க.
அதிகமாக் கேட்டா வாளிதான்.

பக்கத்து ஸ்பாஞ்சில் அன்னூர் கண்டக்டர்
இல்லாத படகில்
இல்லாத கம்பியைத் தேடித் துழாவுவார்.
முப்பது வருசம் ஓடற பஸ்ஸுல நின்னவன் சாமி நானு
என்பார், கடலைப் பார்த்து.

ஏழாவது வாரம். ஊர் திரும்பும் பஸ்.
சுல்தான்பேட்டை தாண்டியதும் காத்தாடிகள்.
இத்தனை நாளும் கண்ணை மூடிக்கொண்ட இடம்.
இன்று மூடவில்லை.
இறக்கைகள் சுற்றின.
கம்பம் நின்றது, தென்னந்தோப்பு நின்றது
ஒரு எருமைகூட நின்றது.
முன்சீட்டுக் கம்பியை மட்டும்
கை விடவில்லை.

சைட்டிலிருந்து போன்.
மயிலானந்தா, எப்ப ஏறறே?

மேல ஏறறது அப்புறமுங்க.
இன்னைக்கு டிபார்ட்மெண்ட் ஸ்டோர் போகோணும்.
சோப்பு வாங்கோணும்.
மூணாவது தட்டு.
இடப்பக்கம் திரும்பி.