ஐம்பத்திரண்டாம் நிமிடம்

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு
உலகம் முடியப்போகிறது என்று
ஒன்பது கிழமையாக எங்களுக்குத் தெரியும்.

நுஸ்லா வங்கிக்கு வயிற்றுவலி சொல்லியிருந்தாள்.
லஹிரு தெஹிவளையிலிருந்து வந்து
தலைக்கவசத்தைக் கழற்றாமலே படியேறினான்.
கஜமுகனின் ஃபிளாட், வெள்ளவத்தை, கடற்பக்கம்,
ஐந்தாம் மாடி, லிஃப்ட் பழுது.
மீன் பணிஸ் ஆறு. ஆட்கள் ஐந்து.
மிஞ்சுகிற ஒன்று, முடிவைச் சரியாக ஊகித்தவருக்கு.

மூன்று நிழல் உள்ள இளவரசி
சாம்பல் வாசலை இழுத்துச் சாத்தினாள்.
ஓநாய்ப்படை பனியாகிக் கரைந்தது.
'காசு முடிஞ்சுபோச்சு, அதான் கரைச்சிட்டாங்கள்'
என்ற கஜமுகனை நான்கு கைகள் அடித்தன.
தோணிக்காரன் கோரின்
புகை ஆற்றின் நடுவில் எழுந்து நின்று
யாருக்கோ கையசைத்தான்.
விழுந்தான் என்றுதான் நினைக்கிறோம்.
புகை மூடியது, இளவரசி அழுதாள்,
திரை கறுத்தது.
கறுப்பில் நாங்கள் ஐந்து பேரும் தெரிந்தோம்
வாய் பிளந்தபடி.

பிறகு ஆளுக்காள் பாய்ந்தோம்.

மூன்றாவது நிழல் கோரினுடையது,
அதனால்தான் முதலாம் கிழமையிலிருந்து
அவன் வெயிலில் நடக்கவேயில்லை என்றாள் நுஸ்லா.
கொப்பி போட்டுக் குறித்திருக்கிறாள்.
மணி நாலு முறை அடித்தது,
வாசல் மூன்றுதான், நாலாவது எங்கே?
இது கஜமுகன். கணக்காய்வாளன்.
சம்பளத்துக்கும் செய்வான், சும்மாவும் செய்வான்.
நான் இளவரசியின் தாயைச் சந்தேகித்தேன்.
எந்தக் கதையிலும் தாயைத்தான் சந்தேகிப்பேன்.

லஹிரு எழுந்தான்.
தன் அரைத் தமிழையும் கூட எழுப்பி
தீர்ப்புச் சொன்னான்:
'பொடி காட்ட இல்லைதானே.
பொடி காட்ட இல்லை எண்டா ஆள் சாக இல்லை.
எல்லாக் கதைக்கும் ரூல் அது.'

அதற்கு மட்டும் எல்லோரும் ஆமென்றோம்.
கீழே ஒரு ரயில் போனது,
ஜன்னலும் கோப்பைகளும் ஆமென்றன.

விதுர்சிகா சொல்லவில்லை.
எங்களோடு சண்டைபிடிப்பதற்காகவே
ஒன்பது கிழமையும் கிருலப்பனையிலிருந்து
இரண்டு பஸ் மாறி வருகிறவள்.
தேத்தண்ணியின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

'அது எழுதுறவனுக்கு வசதியான ரூல்' என்றாள்.
'பார்த்துக்கொண்டிருக்கிற ஆக்களுக்கு இல்லை.'

லஹிருவுக்கு விளங்கவில்லை, சிரித்தான்.
எனக்கு விளங்கியது, அதனால்
மேசையில் சிந்திய பணிஸ் துகள்களை
ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்.
அவளுடைய அப்பா பஸ்ஸில் ஏறியதைக் கண்டவர்கள் உண்டு.
இறங்கியதைக் கண்டவர்கள் இல்லை.
அம்மா வருடாவருடம் ஒரு படிவம் நிரப்புகிறா,
வயது என்ற கட்டத்தில்
ஒவ்வொரு முறையும் ஒன்றைக் கூட்டி.

'செத்திட்டான் எண்டு காட்டியிருக்கலாம்.
ஒரு செருப்பையாவது.
அழுதிட்டு வேலைக்குப் போயிருப்பம்.'

அடுத்த சீசன் வர இரண்டு வருடமாம்.
அதற்குள் நுஸ்லா டோஹாவில் இருப்பாள்,
கஜமுகனுக்கு விசா வந்துவிடும்,
இந்த ஃபிளாட்டில் வேறு யாரோ
வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பார்கள்.
அதைப் பற்றி ஒருவரும் தியரி சொல்லவில்லை.

எட்டேகால்.
வாசலில் குவிந்த சப்பாத்துகளில்
எங்களுடையதைத் தேடிக்கொண்டிருந்தோம்.
விதுர்சிகா ரிமோட்டை எடுத்தாள்.
பின்னுக்கு ஓட்டினாள், முன்னுக்கு ஓட்டினாள்,
ஐம்பத்திரண்டாம் நிமிடத்தில் நிறுத்தினாள்.

இளவரசி அழுகிறாள்.
அவள் தோளுக்குப் பின்னால், மங்கலாக,
கரையில் தோணி. ஆள் இல்லை.

விதுர்சிகா எழுந்துபோய்த்
திரையில் விரலை வைத்தாள்.
'துடுப்பைப் பாருங்கோ. ஈரம்.
இப்பதான் ஆரோ வச்சிட்டுப் போயிருக்கினம்.'

நுஸ்லா ஒற்றைச் சப்பாத்தோடு திரும்பி வந்தாள்.
கஜமுகன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டான்.
ஈரமா, வெளிச்சமா,
யாரும் சொல்லவில்லை.

லஹிரு ஆறாவது பணிஸை
அவள் பக்கம் தள்ளிவிட்டான்.
அவள் சாப்பிடவில்லை.
கடதாசியில் சுற்றிப்
பையில் வைத்துக்கொண்டாள்.