இரண்டில் ஒன்றை அடிக்கவும்

மாலை நாலே முக்காலுக்கு
என் வண்டி செக்காலை ரோட்டில்
நிறுத்தக் கூடாத இடத்தில் நின்றதாம்.
குறுஞ்செய்தி சொன்னது. ஐந்நூறு ரூபாய்.

நாலே முக்காலுக்கு நான்
மருந்துக்கடைக் கல்லாவில்
கண்டனூர்க்காரர் ஒருவருக்கு
சர்க்கரை மாத்திரை போக மீதிச் சில்லறை
தேடிக்கொண்டிருந்தேன்.
வண்டியோ, விற்றுப் பதினாலு மாதம்.

வாங்கியவர் சேவுகமூர்த்தி. கோட்டையூர்.
பதினெட்டாயிரத்தை நூறு நூறாக எண்ணி வைத்து
"நாளைக்கே பேர் மாத்திர்றேன்க்கா" என்றார்.
அந்த நாளை
கோட்டையூரிலிருந்து இன்னும் கிளம்பவில்லை.

படத்தைத் திறந்தேன்.
இடது பக்கம் அதே நசுங்கல்:
கொப்புடையம்மன் தேருக்குப் போட்ட தடுப்பில்
நான் கொண்டுபோய் இடித்தது.
சீட்டுக்கு இப்போது புலிவரி உறை.
முன்கொக்கியில் கட்டைப்பை,
பைக்கு வெளியே எட்டிப் பார்க்கும் முருங்கைக்காய்.
பக்கக் கண்ணாடி இரண்டும் இருக்கின்றன.
என்னிடம் இருந்தவரை ஒன்றுதான்.

இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கினேன்.
வண்டிக்குப் பின்னால் ஒரு கம்பம்.
கம்பத்தில் பலகை இருந்திருக்க வேண்டும்.
பலகை இருக்க வேண்டிய இடத்தில்
காதணி விழாக் குழந்தை ஒன்று
ஆறடி உயரத்தில், கிரீடத்தோடு,
"வருக வருக" என்று கைகூப்பி நிற்கிறது.
வருக என்றால்
வராமல் என்ன செய்யும் வண்டி?

இரவு உட்கார்ந்து எழுதினேன்.
ஐயா,
வண்டி என்னுடையது இல்லை.
வண்டி மேல் தப்பும் இல்லை.
இருபத்தொன்பதாம் படிவம், முப்பதாம் படிவம்.
நகலுக்கு நகல் எடுத்ததில்
சேவுகமூர்த்தியின் கையெழுத்து
எறும்பு இழுத்த சீனி மாதிரி கிடந்தது.
அதையும் இணைத்தேன்.

போக்குவரத்துக் காவல் நிலையம்.
மின்விசிறிக் காற்றுக்குத் தாள் நிற்கவில்லை.
மனுவின் தலையில் வாக்கி டாக்கியை வைத்து
மிச்சத்தைப் படித்தார் எஸ்.ஐ.
"உக்காருங்க ஆச்சி."
எனக்கு நாற்பத்தொன்று. நான் ஆச்சி வீட்டுப் பெண்ணும் இல்லை.
இந்த ஊரில்
கைப்பையும் மூக்குக்கண்ணாடியும் இருந்தால் ஆச்சிதான்.

"வண்டி உங்களது இல்ல."
இல்லை.
"அப்புறம் அதுக்கு எதுக்கு வக்காலத்து?"
பலகை மறைந்திருக்கிறதே என்றேன்.
"ரெண்டும் ஒரே மனுவுல நிக்காது ஆச்சி.
ஒண்ண அடிங்க.
முதல் வரிய வச்சீங்கன்னா
நாளைக்கே வண்டியத் தூக்கி உள்ள போட்டுர்றோம்.
உங்களுக்குத் தொல்லை விட்டுச்சு."

உள்ளே என்பது ஜன்னலுக்கு வெளியே இருந்தது.
பிடிபட்ட வண்டிகள் வெயிலில்
ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நின்றன.
ஒன்றின் சக்கரத்தில் கோவைக்கொடி ஏறி
ஹேண்டில் வரை போய்ப் பழுத்திருந்தது.

பேனாவை மேசைக்காலோடு நூலால் கட்டியிருந்தார்கள்.
நூல் எட்டிய மட்டும் இழுத்து
முதல் வரியை அடித்தேன்.

பத்தொன்பது நாள் கழித்துப் பதில்:
ஆட்சேபம் ஏற்கப்படவில்லை.
காரணம் என்ற கட்டத்தில் ஒரு சின்னக் கோடு.
கட்டினேன்.
"அறிவிருக்காக்கா உங்களுக்கு?" என்றாள்
மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்த உமையாள்.
வண்டியைப் பதினேழாயிரத்து ஐந்நூறுக்கு விற்றதாக
வைத்துக்கொண்டேன்.

நேற்று இன்னொன்று.
அரியக்குடி சாலை, காலை எட்டு பத்து.
இந்தப் படத்தில் வண்டி ஓடுகிறது.
ஓட்டுவது ஒரு பெண்.
துப்பட்டாவை இடுப்பில் முடிந்திருக்கிறாள்.
பின்னால் ஒரு பையன்
தண்ணீர்ப் பாட்டிலின் வாரைக் கடித்தபடி
கேமராவையே பார்க்கிறான்.
அவள் முடி மொத்தமும் காற்றில்.

தலைக்கவசம் இல்லை. ஆயிரம் ரூபாய்.
இதற்கு எழுத
என்னிடம் ஒரு வரியும் இல்லை.
போட்டிருக்கலாம் நீ.
சீட்டைத் தூக்கிப் பார்,
பச்சையில் ஒன்று, தொப்பி மாதிரி, வார் மட்டும் கொஞ்சம் தளர்ந்தது.
வண்டியோடு சேர்த்துத்தான் கொடுத்தேன்.