இரண்டு கிலோ அவரைக்கொட்டை

நாரின் மாவட்டக் கல்வி அலுவலகம், இரண்டாம் மாடி,
கணப்பு பேருக்கு எரியும் அறை.
மழலையர் பள்ளி ஆசிரியர் பயிற்சி, அரசு நிதி,
தலைப்பு எண் பதினேழு.
அந்தக் கோப்பு என்னிடம்.

பன்னிரண்டு பேர், ஆறு வாரம்.
பேருந்துக் கட்டணம் உண்டு. தங்க இடம் உண்டு.
அவர்கள் இல்லாத நாளில்
அவர்கள் வகுப்பை யார் பார்ப்பது என்பதற்குப்
படிவத்தில் இடமில்லை.
அட்-பாஷியில் சமையற்காரி பார்த்துக்கொண்டாளாம்.
கஞ்சி இருமுறை அடிப்பிடித்தது.
வேறு புகார் வரவில்லை.

பூருல்சுன் இசாகோவாவின் ரசீது
மார்ச்சில் வந்தது, பனி ஈரத்தில் முத்திரை கலைந்து:
அவரைக்கொட்டை, இரண்டு கிலோ,
முந்நூற்று நாற்பது சோம்.
உணவுக்கு அனுமதியில்லை.
சிவப்பு மையில் ஒரு கோடு.
என் கைக்குப் பழகிய கோடு.

அன்று மாலையே கூப்பிட்டாள்.
பின்னால் ஒரு குழந்தை அழுகை,
இன்னொன்று சேவல் மாதிரிக் கூவல்.
"சாப்பிட இல்லை அக்கா. எண்ண."
எதை?
"ஐந்தை."

ஒன்பது வருடமாக
இருபதுவரை கத்தவைத்துக்கொண்டிருந்தேன் என்றாள்.
கத்துவார்கள், அழகாக, ஒரே குரலில்.
உள்ளங்கையில் ஐந்து கொட்டை வைத்தால்
எத்தனை என்று தெரியாது.
அக்தான் நேற்று ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு
மீதியைப் பார்த்து
நாலு என்றான், அவனாகவே.
துப்பவைத்தேன். பிறகு மறுபடியும் ஐந்து.
இதைப் பார்க்கத் தெரிவதற்கு
எனக்கு அந்த ஆறு வாரம் வேண்டியிருந்தது.

நான் பதினெட்டு வருடமாக
அடுத்தவர் பணத்தை எண்ணுகிறேன்.
ஐந்தை யாரும் என் கையில் வைத்ததில்லை.

உணவு என்றால் செல்லாது.
எழுதுபொருள் என்றால் பொய்.
எழுதுபொருள் என்பதை அடித்துவிட்டு
எண்ணுபொருள் என்று எழுதினேன்.

மே மாதம் தலைநகரிலிருந்து தணிக்கையாளர் முர்சாபெக்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு,
"நாற்பத்தொரு கொட்டை போட்டுக் குறி பார்க்கவா?"
சிரிப்பார் என்று காத்திருந்தேன்.
முந்நூற்று நாற்பதும்
என் ஜூன் சம்பளத்தில் பிடித்தம்.

போகட்டும்.
அதே உறையில் அடுத்த ஆண்டுக்கான ஆணையும் இருந்தது:
தலைப்பு எண் பதினேழு, ஒன்பது பேர்.
பன்னிரண்டில் மூன்று போனால் ஒன்பது,
கழித்தல் சரிதான், சரிபார்த்தேன்.

வீட்டில், சமையல் மேடையில்,
போன மூன்று பேருக்கும்
வகுப்புக்கு இருபத்தைந்து குழந்தை,
குழந்தைக்கு ஐந்து கொட்டை என்று
வைத்துப் பார்க்க ஆரம்பித்தேன்.
மேடை நிறைந்து தரையில் உருண்டன.
என்னிடம் இருந்தது இரண்டு கிலோ.
பாதிக் குழந்தைகளுக்குக்கூட வரவில்லை.