ஏழாம் கிழமை

மருதானையில் முஸம்மில் நானா கடையில்
நாற்பது முட்டை கேட்டேன்.
"கேக் அடிக்கவா, மகள்?"
ஓம் என்றேன். முழுப் பொய்யும் இல்லை:
உடைத்து, கலக்கி, துணியில் வடித்து,
பச்சைச் சாயம் கொஞ்சம், கிளிசரின் கொஞ்சம்,
குப்பிகளைச் சரித்து வைத்து
எண்பத்தைந்து பாகையில் விட்டால்
கண்ணாடிக்குள் உறையும் ஒரு பச்சைச் சரிவு.
மனிசர் தின்ன முடியாத பலகாரம்.

தின்னப் போகிறவன் பனிப்பெட்டியில் வருவான்,
முகத்துவாரத்திலிருந்து, கிராண்ட்பாஸிலிருந்து,
விடியற்காலைக் கோழையாய்.
சில கிண்ணங்களில் வெறும் எச்சில்,
இருமக் கூச்சப்பட்டவர்கள்.
காரம் விட்டுக் குலுக்கி
மற்றக் கிருமிகளைக் கொன்று
இவனை மட்டும் தப்பவிடுகிறோம்.
மெழுகுத் தோல் இவனுக்கு. அவசரமே கிடையாது.
மற்றவை அரை மணியில் இரண்டாகும்;
இவனுக்கு ஒரு நாள் வேண்டும்.

2317.
பெண், இருபத்தாறு, ஆடைத் தொழிற்சாலை.
நுணுக்குக்காட்டியில் ஒன்றும் இல்லை.
மூன்று மாத இருமல் என்று படிவத்தில்
யாரோ அழுத்தி எழுதியதில்
தாள் கிழிந்திருந்தது.

முதலாம் கிழமை இல்லை.
இரண்டாம் கிழமை இல்லை, பக்கத்துக் குப்பியில் பூஞ்சணம்.
நான்காம் கிழமையும் இல்லை.
ஐந்தாம் கிழமை மின்சாரம் போனது.
ஜெனரேட்டர் நாலு முறை இருமி நின்றது. டீசல் இல்லை.
முப்பத்தேழு. முப்பத்தாறரை. முப்பத்தாறு.
சுனேத்ரா வார்ட்டுக்கு ஓடிக் கம்பளி வாங்கி வந்தாள்,
பெட்டியைப் போர்த்தினோம்.
கொல்ல வந்தவனுக்குக் குளிரக் கூடாதென்று
இரவு பதினொன்றரை வரை
வியர்த்துக்கொண்டு நின்றோம்.
அவள் சிங்களத்தில் எதையோ வேண்டினாள்.
வளரட்டும் என்றா, வேண்டாம் என்றா,
நான் கேட்கவில்லை.

ஏழாம் கிழமை, செவ்வாய்.
குப்பியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினேன்.
பச்சையின் அடிப்பக்கத்தில்
பாண் துகள் போல மூன்று,
சொரசொரப்பாய், வெண்ணெய் நிறத்தில்.
முகமூடிக்குள் சிரித்துவிட்டேன்.
பிறகு வெட்கமாய் இருந்தது.

கிளினிக்கில், அந்தப் பிள்ளை
விலாசம் மாறிவிட்டது என்றார்கள்.
தொழிற்சாலையில் கேளுங்கள், போர்டிங்கில் கேளுங்கள்,
கூட இருந்தவர்களைக் கேளுங்கள் என்றேன்.
குரல் கூடிவிட்டது போல.
சுனேத்ரா திரும்பிப் பார்த்தாள்.

மறுநாள் மறுபடி முட்டை.
விலை ஐந்து ரூபா ஏறியிருந்தது.
"போன முறை கேக் பொங்கி வந்ததா, மகள்?"
"வந்தது நானா.
ஏழு கிழமை எடுத்தது."
அவர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார்.
பைக்குள் போன் அதிர்ந்தது, ஒருமுறை, இன்னொருமுறை.
இரண்டு கையிலும்
முட்டைத் தட்டு.